அமெரிக்க அரசு, கட்சிகள், நம் பங்கு: தெருவிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

எங்கள் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவள் பள்ளிக்கு எதிரே ரோடு வளையும். காலை எட்டே காலுக்குப் பிள்ளைகள் அங்கேதான் கடக்க வேண்டும். வளைவில் திரும்பும் காருக்குப் பிள்ளை தெரியாது. பிள்ளைக்குக் காரும் தெரியாது. அங்கே ஒரு கிராஸ்வாக் வேண்டும், மின்னும் விளக்கு வேண்டும். யாரிடம் கேட்பது? தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கவர்னருக்கு எழுதச் சொன்னார், இன்னொருவர் காங்கிரஸ் உறுப்பினரைப் பார்க்கச் சொன்னார். பள்ளியில் கேட்டால் ரோடு டவுன்ஷிப்புடையது என்றார்கள். டவுன்ஷிப்பில் ஒரு அம்மா வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "இது கவுன்ட்டி ரோடு, அங்கே போங்கள்" என்றார்.

கவுன்ட்டிக் கூட்டத்துக்குப் போனேன். அன்றைக்கு நான் எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தேன், ஓட்டுரிமை கிடையாது. மைக் முன்னால் நின்று பெயரையும் ஊரையும் சொன்னேன், மூன்று நிமிடம் பேசினேன், அவ்வளவுதான். என்ன விசா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த கோடை விடுமுறை முடிவதற்குள் கிராஸ்வாக் வந்துவிட்டது.

அமெரிக்க அரசியல் என்றாலே நம் கண் வெள்ளை மாளிகைக்குத்தான் போகிறது. அதையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் இங்கே வாழ வந்தவர்களுக்கு, படிக்க வேண்டிய வரிசை தெருவிலிருந்து மேலே போவது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வேலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நியூ ஜெர்சியில் பெட்ரோல் பங்கில் நீங்களே பெட்ரோல் போடக்கூடாது, ஆள்தான் வந்து போடுவார். 1949-இல் போட்ட மாநிலச் சட்டம் அது. ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தால், நீங்களே இறங்கிப் போட வேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். இதுதான் இந்த நாட்டின் அடிப்படை. அரசியல் சட்டத்தின் பத்தாவது திருத்தம், மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரங்களெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது.

ராணுவம், நாணயம், குடியேற்றம், பாஸ்போர்ட், தபால், சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத் திட்டம்) இவையெல்லாம் மத்திய அரசு. டிரைவிங் லைசென்ஸ், திருமணப் பதிவுச் சட்டம், பெரும்பாலான குற்றவியல் சட்டம், மாநிலப் பல்கலைக்கழகம் இவை மாநிலம். தேர்தலை நடத்துவதுகூட மாநிலமும் அதற்குக் கீழே உள்ள கவுன்ட்டிகளும்தான். இந்தியாவில் இருப்பதுபோல நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவு நடத்துவதில்லை. கவர்னரும் டெல்லி அனுப்பிவைக்கும் ஆளுநர் மாதிரி இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம்மூர் முதலமைச்சர் மாதிரி.

மாநிலத்துக்குக் கீழே கவுன்ட்டிகள், நாடு முழுக்க 3,100-க்கும் மேல். அதற்கும் கீழே நகரம், டவுன்ஷிப், கிராமம். இவற்றோடு சேராமல் தனியாகப் பள்ளி மாவட்டம். குழப்பமாகத்தான் இருக்கும். தெளிவாக ஒரு வழி சொல்கிறேன்: வீடு சொந்தமாக இருந்தால் சொத்து வரி பில்லை மேசையில் விரித்துப் பாருங்கள். கவுன்ட்டிக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு, நூலகத்துக்கு இவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். எங்கள் பில்லில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறது. அந்தப் பணத்தைச் செலவு செய்யும் ஸ்கூல் போர்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குப் பல வருடம் தெரியாது. வாடகை வீடானாலும் அந்த வரி உங்கள் வாடகைக்குள் இருக்கிறது, மறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: மேலே உள்ள மூன்று தூண்கள்

முதலில் ஒரு சொல். இங்கே காங்கிரஸ் என்றால் கட்சி இல்லை, நாடாளுமன்றம். அதில் இரண்டு அவை. பிரதிநிதிகள் சபையில் 435 பேர், இரண்டு வருடப் பதவி, மக்கள்தொகைப்படி இடங்கள். செனட்டில் 100 பேர், ஆறு வருடப் பதவி, மாநிலத்துக்கு இரண்டு பேர். ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு, ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு. 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடி எழுதியபோது, சிறிய மாநிலங்கள் சேருவதற்கு ஒப்புக்கொண்ட விலை அது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்கு உடனே பிடிபடாத இடம் ஜனாதிபதியின் பதவி. ராணுவமும் நிர்வாகமும் அவர் கையில். ஆனால் அவர் காங்கிரஸில் உறுப்பினர் இல்லை, அவருடைய அமைச்சர்களும் உறுப்பினராக இருக்க முடியாது. 2025-இல் மார்கோ ரூபியோ வெளியுறவு அமைச்சரானபோது செனட் பதவியை விட்டுவிட்டுத்தான் போனார். ஜனாதிபதியால் காங்கிரஸைக் கலைக்க முடியாது. காங்கிரஸாலும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு அவரை இறக்க முடியாது. பதவிநீக்கம் என்ற ஒரு வழி உண்டு: பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால்தான் பதவி போகும். ஆண்ட்ரூ ஜான்சன், பில் கிளின்டன், டொனால்ட் டிரம்ப் (இரண்டு முறை) ஆகியோர் மீது குற்றம் சாட்டப்பட்டது. செனட்டில் யாரும் நீக்கப்படவில்லை.

ஒரு மசோதா சட்டமாக வேண்டுமானால் இரண்டு அவையிலும் ஒரே வாசகத்தில் நிறைவேறி, ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டும். அவர் மறுத்தால், இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்து அதை மீற முடியும். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு விவாதத்தை முடிக்கவே 60 ஓட்டு வேண்டும். அதனால்தான் 51 பேர் ஆதரித்தும் பல மசோதாக்கள் அப்படியே கிடக்கின்றன.

மூன்றாவது தூண் நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள். ஜனாதிபதி பெயர் சொல்ல, செனட் ஒப்புதல் தர வேண்டும். ஓய்வு வயது கிடையாது. அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டம் செல்லாது என்று சொல்லும் உரிமையை 1803-இல் மார்பரி வழக்கில் நீதிமன்றம் நிலைநாட்டியது.

மூன்றாம் படி: கட்சிகள்

நம் ஊர்க் கட்சிகளை மனதில் வைத்துக்கொண்டு இவற்றைப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. இங்கே உறுப்பினர் அட்டை இல்லை, சந்தா இல்லை, வட்டச் செயலாளர் இல்லை. பல மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்யும்போது படிவத்தில் ஒரு கட்சியை டிக் செய்கிறீர்கள், அதுதான் உறுப்பினராவது. டிக் செய்யாமலும் விடலாம். வர்ஜீனியா, டெக்சஸ் போன்ற மாநிலங்களில் அந்தக் கட்டமே கிடையாது.

அதைவிடப் பெரிய வித்தியாசம், வேட்பாளரை யார் தேர்ந்தெடுப்பது என்பது. தலைமை சீட் கொடுப்பதில்லை. பிரைமரி என்ற முதற்கட்டத் தேர்தலில் சாதாரண வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2014-இல் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கேன்டர், அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு பொருளாதாரப் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். 2018-இல் ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஜோ கிரௌலி, 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸிடம் நியூயார்க்கில் தோற்றார். ஏழு லட்சம் பேர் வாழும் தொகுதியில் அந்த பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 30,000 பேர்தான். ஒரு கட்சி எப்போதும் ஜெயிக்கும் தொகுதியில் நீங்கள் இருந்தால், உண்மையான தேர்தல் பிரைமரிதான். நவம்பருக்கு மட்டும் காத்திருப்பவர்களுக்கு முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டிருக்கும்.

ஆனாலும் உள்ளூர் கட்சி ஆட்களுக்குச் செல்வாக்கே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நியூ ஜெர்சியில் பல கவுன்ட்டிகளில், கட்சியின் ஆதரவு பெற்றவர்கள் பெயரையெல்லாம் பிரைமரி ஓட்டுச்சீட்டில் ஒரே வரிசையில் அடுக்கி அச்சடித்து வந்தார்கள். மற்றவர்கள் எங்கோ ஓரத்தில். 2024-இல் செனட் வேட்பாளராக இருந்த ஆண்டி கிம் வழக்குப் போட்டார், அந்த வருட ஜனநாயகக் கட்சி பிரைமரிக்கு அந்த முறையைக் கூட்டாட்சி நீதிமன்றம் நிறுத்தியது. ஓட்டுச்சீட்டின் வடிவமே ஒரு அதிகாரம் என்பதை எனக்குப் புரியவைத்த வழக்கு அது.

யார் பிரைமரியில் ஓட்டுப் போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியா, ஃபுளோரிடா, நியூயார்க்கில் அந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டும். டெக்சஸ், ஜார்ஜியாவில் அன்றைக்கு எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம், ஒன்றை மட்டும். கலிஃபோர்னியாவில் ஜனாதிபதித் தேர்தல் தவிர மற்ற பெரும்பாலான பதவிகளுக்கு எல்லோரும் ஒரே சீட்டில். முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியானாலும் சரி.

கட்சிகளின் வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். குடியரசுக் கட்சி 1854-இல் அடிமைமுறை பரவுவதை எதிர்த்து உருவானது. லிங்கன் அந்தக் கட்சி. அதன்பின் நூறு வருடம் தென் மாநிலங்கள் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்தன. 1964 குடிமை உரிமைகள் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகு தெற்கு மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிப் பக்கம் போனது. இன்றைக்குப் பொதுவாக, குடியரசுக் கட்சியினர் குறைந்த வரி, துப்பாக்கி உரிமை, கருக்கலைப்புக் கட்டுப்பாடு, கடுமையான எல்லைக் காவல் பக்கம்; ஜனநாயகக் கட்சியினர் அரசு மருத்துவ உதவி விரிவு, கருக்கலைப்பு உரிமை, துப்பாக்கிக் கட்டுப்பாடு, பணக்காரர்களுக்குக் கூடுதல் வரி பக்கம். ஆனால் உறுப்பினர்கள் கட்சியை மீறி ஓட்டுப் போட்டால் பதவி பறிபோகாது, கட்சித்தாவல் தடைச் சட்டம் இங்கே இல்லை. 2017 ஜூலையில் ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கலைக்கும் மசோதா செனட்டுக்கு வந்தபோது, நள்ளிரவு தாண்டி ஜான் மெக்கெய்ன் உள்ளே நடந்து வந்து, தன் கட்சித் தலைவர் எதிரிலேயே கட்டைவிரலைக் கீழே காட்டினார். மசோதா 49-51 என்று விழுந்தது. அதனால் கட்சிப் பெயரோடு நிற்காமல், உங்கள் உறுப்பினர் எதற்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று பாருங்கள். காங்கிரஸின் வெப்சைட்டில் எல்லாம் இருக்கிறது.

நான்காம் படி: உங்கள் விசா நிலைக்கு எது முடியும், எது முடியாது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

குடிமகன் அல்லாதவர் மத்திய, மாநிலத் தேர்தல்களில் ஓட்டுப் போடக்கூடாது. கிரீன் கார்டு வைத்திருந்தாலும் கூடாது. ஆபத்து வருவது டி.எம்.வி. (டிரைவிங் லைசென்ஸ் தரும் மாநில அலுவலகம்) கவுன்ட்டரில். 1993 சட்டப்படி லைசென்ஸ் எடுக்கும் இடத்திலேயே வாக்காளர் பதிவும் நடக்கிறது. அவசரத்தில் திரையில் வரும் கேள்விக்கு "ஆம்" என்று தட்டிவிட்டால் உங்கள் பெயர் பட்டியலில் ஏறிவிடலாம். பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று நேரடியாகக் கேட்பார்கள். தெரியாமல் செய்திருந்தாலும் குடியுரிமை மறுக்கப்படலாம், நாடுகடத்தல் வரைகூடப் போகலாம். ஏற்கெனவே பெயர் ஏறியிருந்தால், ஓட்டுப் போடாமல் உடனே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதைத் தமிழில் சொல்லி வையுங்கள்.

ஜூரி பணிக்கு அழைப்புக் கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள். கூடவே வரும் படிவத்தில் குடிமகன் இல்லை என்று குறித்து அனுப்பினால் விடுவித்துவிடுவார்கள்.

தேர்தல் நிதி விஷயத்தில் கோடு தெளிவாக இருக்கிறது. கிரீன் கார்டு இருந்தால் வேட்பாளருக்குப் பணம் கொடுக்கலாம். எச்-1பி வேலை விசாவிலோ எஃப்-1 மாணவர் விசாவிலோ இருப்பவர் உள்ளூர்த் தேர்தலுக்குக்கூட ஒரு டாலரும் கொடுக்கக்கூடாது. சம்பளம் வாங்காமல் தொண்டராக வீடு வீடாகப் போகலாம், போன் செய்யலாம்.

பேச்சுரிமையும், குறைதீர்க்கக் கோரி அரசிடம் முறையிடும் உரிமையும் முதல் திருத்தத்தில் இருக்கின்றன. கூட்டத்துக்குப் போவது, மைக்கில் பேசுவது, கடிதம் எழுதுவது இதற்கெல்லாம் ஓட்டுரிமை தேவையில்லை. போராட்டத்துக்குப் போகிறவர்கள் மட்டும் கவனமாக இருங்கள்: கைது என்று ஒன்று நடந்துவிட்டால் குடிமகனுக்கு வரும் விளைவு வேறு, விசாவில் இருப்பவருக்கு வரும் விளைவு வேறு.

ஐந்தாம் படி: குடிமகனாவது

கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடம் (குடிமகனை மணந்து சேர்ந்து வாழ்ந்தால் மூன்று) ஆனால் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவம் போடலாம்; 90 நாள் முன்பே அனுப்பலாம். நேர்காணலில் ஆங்கிலமும் குடிமையியலும் சோதிப்பார்கள். 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வு: 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். பழைய 100 கேள்விப் புத்தகத்தை நண்பர்களிடம் வாங்கிப் படிக்க வேண்டாம். 65 வயது தாண்டி, 20 வருடம் கிரீன் கார்டில் இருந்த பெரியவர்கள் குறைந்த கேள்விகளை, தமிழிலேயே மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டு பதில் சொல்லலாம்.

இந்த உரிமை நமக்குச் சும்மா வரவில்லை. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் "வெள்ளையர்" இல்லை, ஆகவே குடிமகனாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1946-இல்தான் சட்டம் மாறியது. பத்தே வருடத்தில், 1956-இல், தலீப் சிங் சவுந்த் கலிஃபோர்னியாவிலிருந்து காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் அந்த அவையில் உட்கார்ந்திருக்கிறார். உறுதிமொழி எடுத்த அன்று நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் படி: ஓட்டுப் போடுவது

குடிமகன் ஆனதும் பெயர் தானாகப் பட்டியலில் வந்துவிடும் என்று இருக்காதீர்கள், நீங்கள்தான் பதிய வேண்டும். கடைசித் தேதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சியில் 21 நாள் முன்பு. சில மாநிலங்களில் தேர்தல் அன்றே பதியலாம். வடக்கு டகோட்டாவில் பதிவே கிடையாது.

நம்மவர்களுக்கு வரும் தலைவலி பெயர். இனிஷியல் விரிந்து அப்பா பெயர் கடைசிப் பெயராகி, ஒரு ஆவணத்தில் ஒட்டி, இன்னொன்றில் பிரிந்து, மூன்றாவதில் முன்பின் மாறி இருக்கும். குடியுரிமைச் சான்றிதழ், லைசென்ஸ், சோஷியல் செக்யூரிட்டி மூன்றிலும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டுப் பதியுங்கள். தபால் ஓட்டுக்குக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பதியும்போது தமிழில் போட்டிருந்தால் உறையிலும் தமிழில் போடுங்கள்.

தேர்தல் நாள், நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். 1845-இல் விவசாயிகளின் வசதி பார்த்து வைத்தது, நாடு தழுவிய விடுமுறை இல்லை. ஜனாதிபதியை நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலங்களுக்குப் பங்கிட்டிருக்கும் 538 தேர்வாளர்கள்தான் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அவர்களில் 270 பேரைப் பெற்றவர் ஜெயிக்கிறார். 48 மாநிலங்களில் ஒரு ஓட்டு முந்தினாலும் மாநிலம் முழுக்க அவருக்கே. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் பிரித்துக் கொடுக்கின்றன. 2000-லும் 2016-லும் நாட்டில் அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றது இப்படித்தான்.

ஓட்டுச்சீட்டு நீளமாக இருக்கும். ஷெரிஃப், ஸ்கூல் போர்டு, சில மாநிலங்களில் நீதிபதிகள், "ஆம்/இல்லை" கேள்விகள். மாதிரி ஓட்டுச்சீட்டு முன்பே வீட்டுக்கு வரும் அல்லது வெப்சைட்டில் இருக்கும். நானும் மனைவியும் முந்தைய ஞாயிறன்று அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒவ்வொரு பெயராகத் தேடிப் பார்ப்போம். இரண்டு மணி நேரம் ஆகும். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு, அவர்கள் விரும்பும் ஒருவரை உதவிக்கு உள்ளே அழைத்துப்போகும் உரிமை வாக்குரிமைச் சட்டத்தில் இருக்கிறது. முதலாளியோ தொழிற்சங்க ஆளோ மட்டும் கூடாது. பட்டியலில் பெயர் இல்லை என்று சொன்னால் திரும்பி வராதீர்கள், தற்காலிக ஓட்டுச்சீட்டு கேளுங்கள்.

"என் ஒரு ஓட்டா மாற்றப்போகிறது" என்பவர்களுக்கு நான் சொல்வது வர்ஜீனியா மாநிலச் சபையின் 94-வது தொகுதி. 2017-இல் ஷெல்லி சைமன்ட்ஸும் டேவிட் யான்சியும் கடைசிக் கணக்கில் ஆளுக்கு 11,608 ஓட்டு. மறுஎண்ணிக்கையில் சைமன்ட்ஸ் ஒரு ஓட்டில் முந்தியிருந்தார். ஆனால் ஒரு சீட்டில் இரண்டு பெயருக்கும் வட்டம் நிரப்பி ஒன்றின் மேல் கோடு போட்டிருந்தது; நீதிபதிகள் அதை யான்சிக்குச் சேர்த்தார்கள், சமனானது. 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயரையும் ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் குலுக்கி எடுத்தார்கள். யான்சி பெயர் வந்தது. அதனால் குடியரசுக் கட்சிக்கு மாநிலச் சபையில் 51-49 கிடைத்தது. வட்டத்தை நிதானமாக நிரப்புங்கள். தவறிவிட்டால் அடித்துத் திருத்தாமல் புதுச் சீட்டு கேளுங்கள், கொடுப்பார்கள்.

ஏழாம் படி: தேர்தலுக்கு நடுவில்

உங்கள் பிரதிநிதிக்குத் தொகுதியில் ஒரு அலுவலகம் இருக்கும். மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு மாதக்கணக்கில் நகராமல் கிடந்தால் (பாஸ்போர்ட், குடியேற்ற விண்ணப்பம், திரும்ப வர வேண்டிய வரிப் பணம்) அங்கே கேளுங்கள். உங்கள் விவரத்தைப் பார்க்க அனுமதி தரும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விசாரிப்பார்கள். காசு கிடையாது, நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்கமாட்டார்கள். நீங்கள் குடிமகனாக இல்லாவிட்டாலும் அந்தத் தொகுதியில் வாழ்ந்தால் போதும். தொகுதி பிரிக்க மக்கள்தொகை எண்ணும்போது உங்களையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள்.

ஊர்க் கூட்டத்தில் பேசுவதற்கு என் அனுபவம்: நிகழ்ச்சி நிரலை முன்பே வெப்சைட்டில் படியுங்கள். பேச நேரம் இரண்டு அல்லது மூன்று நிமிடம்தான், மணி அடித்ததும் நிறுத்திவிடுவார்கள், ஆகவே கேட்பதை முதல் வரியிலேயே கேளுங்கள். கிராஸ்வாக் கூட்டத்தில் நான் ஒரு காலையில் எடுத்த போட்டோவையும், எட்டு மணிக்கும் எட்டரைக்கும் நடுவில் எத்தனை பிள்ளைகள் கடந்தார்கள் என்ற கணக்கையும் ஒரே தாளில் அச்சடித்து, உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். பேச்சை யாரும் நினைவில் வைக்கவில்லை, தாளை வைத்திருந்தார்கள்.

பொறுமைக்கு ஒரு உதாரணம். 1982-இல் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் ஒரு கட்டுரை எழுதினார்: காங்கிரஸ் தன் சம்பளத்தை உயர்த்தினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்று 1789-இல் முன்வைத்த திருத்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது, மாநிலங்கள் இப்போதும் ஒப்புதல் தரலாம் என்று. கட்டுரைக்கு "சி" கிரேடு. அவர் விடாமல் மாநிலச் சட்டமன்றங்களுக்கு ஒவ்வொன்றாகக் கடிதம் எழுதினார். 1992-இல் அது 27-வது திருத்தமானது. 2017-இல் பல்கலைக்கழகம் கிரேடை "ஏ" என்று திருத்தியது.

இன்னும் ஒரு கதவு இருக்கிறது, நம்மவர்கள் அதிகம் தட்டாதது. நூலகக் குழு, பூங்காக் குழு, திட்டக் குழு, சுற்றுச்சூழல் குழு என்று ஊர்தோறும் தேர்தல் இல்லாமல் நியமிக்கும் இடங்கள் உண்டு. எங்கள் டவுன்ஷிப்பில் வருடா வருடம் காலி இடங்களை அறிவிப்பார்கள், ஒரு பக்கப் படிவம்தான். பல வருடங்களாக நூலகக் குழுவுக்கு மனுப் போட ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஊர் கிளார்க் அலுவலகத்துக்கு போன் செய்து, "எந்தக் குழுவில் இடம் காலியாக இருக்கிறது, கிரீன் கார்டு இருந்தால் போதுமா, படிவம் எப்போது தர வேண்டும்" என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள்.